உயரம் போதாத இளவரசன்: மிகைல் பாரிஷ்னிகோவ் ஏன் இத்தனை முறை இடம் மாறினார்?

ஒரு செய்தியில் அவர் 'ரஷ்ய பாலே மேதை'. அடுத்த செய்தியில் 'லாட்வியக் குடிமகன்'. இன்னொன்றில் 'அமெரிக்க நடனக் கலைஞர்'. பாலே பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்களுக்கு, 'செக்ஸ் அண்ட் த சிட்டி' தொடரின் கடைசி சீசனில் கதாநாயகியின் காதலராக வந்த அந்த ரஷ்யர். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும், அதை எதிர்த்துக் குரல் கொடுத்த ரஷ்ய மொழிக் கலைஞர்களின் வரிசையிலும் மிகைல் பாரிஷ்னிகோவ் என்ற பெயர் வந்தது. யார் இவர், எந்த நாட்டுக்காரர், நடனக்காரர் என்றால் இவர் நடிப்பதும் கவிதை வாசிப்பதும் எதனால் என்று வாசகர் குழம்பினால் அது வாசகரின் குற்றமல்ல.

வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒன்று உண்டு: கம்யூனிச நாட்டிலிருந்து சுதந்திரம் தேடித் தப்பி வந்தவர். பொய்யில்லை. ஆனால் அது 1974-ஐ மட்டுமே விளக்குகிறது. நியூயார்க்கில் உச்சத்தில் இருந்தவர் 1978-இல் அந்த இடத்தை உதறிவிட்டு, நட்சத்திரங்களுக்கே இடமில்லாத ஒரு குழுவில் போய்ச் சேர்ந்தது ஏன்? நாற்பதைத் தாண்டியதும் பாலேயையே விட்டது ஏன்? இவற்றுக்கான விடை அரசியலில் இல்லை. அவருடைய உயரத்திலும் முழங்காலிலும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, பாலே என்ற தொழில் எப்படி வேலையைப் பங்கிடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பாலேயில் ஆணுக்கு என்ன வேலை?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தக் கேள்விக்குப் பாரிஸ் சொன்ன விடை: பெரிதாக ஒன்றுமில்லை. 1870-இல் பாரிஸ் ஓபராவில் 'கோப்பேலியா' அரங்கேறியபோது கதாநாயகன் ஃபிரான்ஸ் வேடத்தை ஆடியவர் ஒரு பெண். ஆண் வேடத்துக்கு ஆண் தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆண்களின் நடனம் தழைத்தது டென்மார்க்கிலும் ரஷ்யாவிலும்தான்.

ரஷ்யாவில் உருவாகி இன்றும் ஆடப்படும் பெரிய பாலேக்களின் உச்சக்கட்டம், 'பா-த-தெ' எனப்படும் இருவர் நடனம். அதன் அமைப்பு ஏறக்குறைய மாறாதது:

1. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் மெதுவான பகுதி. இங்கே பெண்ணைத் தாங்குவதும் தூக்குவதும் சுழலும்போது இடுப்பைப் பிடித்து நிலைநிறுத்துவதும் ஆணின் வேலை.
2. ஆணின் தனியாட்டம். பெயர் வேரியேஷன். நீளம் ஏறக்குறைய ஒரு நிமிடம்.
3. பெண்ணின் தனியாட்டம்.
4. கோடா எனப்படும் வேகமான முடிவு. இருவரும் மாறி மாறித் தாவலிலும் சுழற்சியிலும் சரக்கைக் காட்டுவார்கள்.

மூன்று மணி நேர நிகழ்ச்சியில் ஒரு ஆண் கலைஞனின் பெயர் நிலைப்பதும் போவதும் அந்த ஒரு நிமிடத்தில். மற்ற நேரமெல்லாம் அவன் கம்பீரமாக நின்று, நடந்து, தாங்க வேண்டும். 'கம்பீரமாக' என்ற சொல்லில்தான் சிக்கல்.

அம்ப்ளுவா: உடலைப் பார்த்து வேடம்

ரஷ்ய நாடக அரங்கில் 'அம்ப்ளுவா' என்றொரு சொல் உண்டு. பிரெஞ்சிலிருந்து போனது. உன் உடலுக்கும் முகத்துக்கும் எந்த வகை வேடம் பொருந்தும் என்று நிர்வாகம் முன்கூட்டியே போட்டுவைக்கும் முத்திரை அது. பாலேயில் ஆண்களுக்குத் தோராயமாக மூன்று பெட்டிகள்.

முதலாவது இளவரசர். 'ஸ்வான் லேக்' சீக்ஃப்ரீட், 'ஸ்லீப்பிங் பியூட்டி' தெசிரே, 'ஜிசெல்' ஆல்பிரெக்ட் எல்லாம் இந்த வகை. நீண்ட கால், உயரம், நிதானம் வேண்டும். இரண்டாவது, செந்நெறி நுட்பமும் துள்ளலும் கலந்த வகை: 'டான் கிஹோத்தே' பாலேயின் நாவிதன் பசில் மாதிரி. மூன்றாவது, நாட்டுப்புற ஆட்டங்களும் கோமாளி வேடங்களும் ஆடுபவர்கள்.

பாரிஷ்னிகோவின் உயரம் ஏறக்குறைய 168 சென்டிமீட்டர். சாதாரண வாழ்க்கையில் இது ஒரு குறையே இல்லை. பாலேயில் கணக்கு வேறு. பெண் விரல் நுனியில் ஏறி நின்றால் அவள் உயரம் அரையடி வரை கூடிவிடும். 160 சென்டிமீட்டர் பெண் சட்டென்று 175-ஐத் தொடுவாள். அவளுக்குப் பின்னால் நிற்கும் ஆண் அவள் தலைக்கு மேலாகத் தெரிய வேண்டும். அவள் சுழலும்போது அவள் முழங்கை இவன் முகத்தில் இடிக்கக் கூடாது. போதாக்குறைக்கு அவருடைய முகம் குழந்தைமுகம். மூன்றாவது பெட்டிக்கு இல்லாவிட்டாலும் இரண்டாவது பெட்டிக்கென்றே செய்து வைத்த உடல். இளவரசன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ரோசி தெருவில் கற்ற பாடம்

1948 ஜனவரி 27 அன்று, சோவியத் ஒன்றியத்தின் பகுதியாக இருந்த லாட்வியாவின் தலைநகர் ரிகாவில் பிறந்தார். பெற்றோர் ரஷ்யர்கள். அப்பா ராணுவ அதிகாரி. சிறுவனை அரங்குக்கு அழைத்துப் போனவர் அம்மா. மகனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அந்த அம்மா தற்கொலை செய்துகொண்டார்.

1964-இல், பதினாறு வயதில், லெனின்கிராடின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) வாகனோவா பாலே பள்ளியில் சேர்ந்தார். மற்ற மாணவர்கள் பத்து வயதிலேயே அங்கே சேர்ந்தவர்கள். பள்ளி இருப்பது ரோசி தெருவில். தெருவின் அகலம் 22 மீட்டர், இருபுறக் கட்டடங்களின் உயரமும் 22 மீட்டர், நீளம் 220 மீட்டர். உடலின் அளவு விகிதமே தலைவிதியாகும் ஒரு கலையைச் சொல்லிக்கொடுக்க இதைவிடப் பொருத்தமான முகவரி கிடைக்காது.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் அலெக்சாந்தர் புஷ்கின். கவிஞரின் பெயர்தான், ஆள் வேறு. இதே ஆசிரியரிடம் சில ஆண்டுகளுக்கு முன் படித்தவர், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நடனக்காரரான ருடால்ஃப் நூரியெவ். இருவருமே புஷ்கின் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் மாதிரி. புஷ்கின் அதிகம் பேசாதவர் என்பார்கள். பயிற்சியை இசைக்குப் பொருத்தமாக, ஒன்றிலிருந்து அடுத்தது தானாக வரும்படி கோத்துக் கொடுத்துவிட்டு, தவறை மாணவனே கண்டுபிடிக்க விடுவது அவர் முறை.

அந்த வகுப்பில் என்ன நடக்கும் என்பதை ஒரே ஒரு தாவலை வைத்துப் பார்க்கலாம்.

தாவலுக்கு முன் முழங்காலை மடக்க வேண்டும். 'பிளியே' என்பார்கள். பரதத்தின் அரைமண்டியை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது: இடுப்பிலிருந்து கால்கள் வெளிப்பக்கம் திரும்பி, முழங்கால் பாதத்தின் திசையில் மடங்கும். உடலை 60 சென்டிமீட்டர் மேலே எழுப்பினால் காற்றில் இருக்கும் நேரம் ஏறக்குறைய 0.7 வினாடி. எந்த மேதையாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது, புவியீர்ப்பு விடாது. அந்த 0.7 வினாடிக்குள் உடல் இரண்டு முழுச்சுற்று சுற்றி, நின்ற நிலையிலேயே இறங்க வேண்டும். இறங்கும்போது முதலில் விரல்கள், பிறகு பாதத்தின் முன்பகுதி, பிறகு குதிகால், உடனே முழங்கால் மடிப்பு. இந்த வரிசை சத்தமில்லாமல் நடந்தால் அதிர்ச்சியைத் தொடைத்தசை வாங்கிக்கொள்ளும். ஒரு கண்ணி தவறினால் மூட்டு வாங்கிக்கொள்ளும்.

அப்படியானால் சிலர் காற்றில் 'நிற்பது' போலத் தெரிகிறதே? அது கண்ணின் ஏமாற்றம், ஆனால் கற்றுக்கொள்ளக்கூடிய ஏமாற்றம். முன்னோக்கிப் பாயும் தாவலில், உச்சியை நெருங்கும் கணத்தில் கால்களை மேலும் விரித்து உயர்த்தினால் உடலின் எடைமையம் உடலுக்குள்ளேயே மேலே நகரும். எடைமையம் வளைகோட்டில் போய்க்கொண்டிருக்க, தலை மட்டும் சிறிது நேரம் நேர்கோட்டில் போகும். பார்வையாளர் கவனிப்பது தலையை. எனவே அவன் மிதக்கிறான்.

பாரிஷ்னிகோவிடம் இதற்கு மேல் ஒன்று இருந்தது. பழைய ஒளிப்பதிவுகளில் இன்றும் தெரிகிறது. மற்றவர்கள் பெரிய தாவலுக்கு முன் ஓடி, மூச்சு வாங்கி, 'இதோ வருகிறேன்' என்று உடலால் அறிவிப்பார்கள். இவரிடம் அந்த அறிவிப்பே இல்லை. நடந்துகொண்டிருப்பவர் திடீரென மேலே இருப்பார். எவ்வளவு உயரம் என்பதைவிட, எப்போது கிளம்பினார் என்று தெரியாததுதான் வியப்பு.

கிரோவ்: எல்லாம் இருந்தும் என்ன இல்லை?

1966-இல் பல்கேரியாவின் வர்ணா போட்டியில் தங்கம். 1967-இல் லெனின்கிராடின் பெரிய பாலே அரங்கான கிரோவில் சேர்ந்தபோது குழு நடன வரிசையில் நின்று காத்திருக்கும் கட்டமே இல்லாமல், 'ஜிசெல்' விவசாயிகள் இருவர் நடனத்தில் நேரடியாகத் தனிக்கலைஞராக அறிமுகம். 1969-இல் மாஸ்கோ போட்டியிலும் தங்கம். அந்தப் போட்டிக்காக நடன அமைப்பாளர் லியோனித் யாக்கப்சன் அவருக்கென்றே 'வெஸ்த்ரிஸ்' என்ற தனி நடனத்தை அமைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நடனக்காரர் வெஸ்த்ரிஸாக, சில நிமிடங்களுக்குள் பல மனித பாவங்களாக மாறும் ஆட்டம். அம்ப்ளுவா சட்டத்தில் அடங்காத உடலுக்கு, சட்டமே இல்லாத ஒரு நடனம்.

மதிப்பு, வீடு, வசதி எல்லாம் இருந்தன. பிறகு ஏன் கிளம்பினார்?

1. வேடங்கள் தீர்ந்துகொண்டிருந்தன. கிரோவின் கையிருப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செந்நெறிப் படைப்புகளும் சோவியத் காலப் புதுப் படைப்புகளும்தான். அதே பள்ளியில் படித்து 1924-இல் நாட்டைவிட்டுப் போன ஜார்ஜ் பாலன்சீன் அமெரிக்காவில் பாலேயின் இலக்கணத்தையே மாற்றிக்கொண்டிருந்தார். கிரோவ் கலைஞர்களுக்கு அதெல்லாம் தூரத்துச் செய்தி.

2. முத்திரை. ஆல்பிரெக்ட் மாதிரி வேடம் கிடைக்கவே அவருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. கிடைத்தபோது இளவரசத் தோரணையை ஒதுக்கிவிட்டு, உண்மையிலேயே காதலில் விழுந்த இளைஞனாக ஆடினார். அது வெற்றிதான், ஆனால் விதிவிலக்காகவே பார்க்கப்பட்டது.

3. கண்காணிப்பு. நூரியெவ் 1961 ஜூன் 16 அன்று பாரிஸின் லெ பூர்ழே விமான நிலையத்தில், நாடு திரும்ப மறுத்து, தங்கிவிட்டார். 1970-இல் லண்டன் பயணத்தில் கிரோவ் நடனக் கலைஞர் நதாலியா மகாரோவா தங்கிவிட்டார். ஒவ்வொரு பிரிவுக்கும் பின்னால், மீதமிருப்பவர்கள் மீது கயிறு இறுகியது. புதுமை செய்ய விரும்பியவர்களுக்கு அனுமதி குறைந்தது. 1970-இல் புஷ்கினும் இறந்துபோனார். வீடு என்று சொல்லக்கூடிய ஒன்றும் போயிற்று.

4. வயது. 1974-இல் அவருக்கு 26. ஆண் கலைஞனின் உச்ச வேகம் முப்பதை ஒட்டி இறங்கத் தொடங்கும். காத்திருக்கலாம் என்று சொல்ல எழுத்தாளனால் முடியும், ஓவியனால் முடியும்.

நான்காவது காரணத்தைத்தான் பெரும்பாலான கட்டுரைகள் விட்டுவிடுகின்றன. என் பார்வையில் மற்ற மூன்றையும் அவசரமாக்கியது அதுதான்.

1974 ஜூன் 29, டொரன்டோ

மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கக் கலைஞர்கள் தலைமையிலான ஒரு சோவியத் குழுவுடன் கனடா வந்திருந்தார். கடைசி நிகழ்ச்சி. திட்டமிட்டதைவிடத் தாமதமாக முடிந்தது. வெளியே குழுவின் பேருந்து ஒருபுறம், கையெழுத்துக்காகக் காத்திருந்த ரசிகர்கள் மறுபுறம். பேருந்தை நோக்கிப் போக வேண்டியவர் கூட்டத்துக்குள் புகுந்து ஓடத் தொடங்கினார். சற்றுத் தூரத்தில் நண்பர்கள் நிறுத்தியிருந்த காரில் ஏறினார். அவ்வளவுதான்.

இது கலை சார்ந்த முடிவு, அரசியல் முடிவு அல்ல என்றே அவர் அப்போது விளக்கினார். அதைப் பலர் தன்னடக்கம் என்றோ தந்திரம் என்றோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்து அவர் செய்ததைப் பார்த்தால் சொன்னது அப்படியே உண்மை என்று தோன்றுகிறது. ஒரு மாதம் முடிவதற்குள், ஜூலை 27 அன்று, நியூயார்க்கில் அமெரிக்கன் பாலே தியேட்டருடன் மேடையேறினார். உடன் ஆடியவர் அதே மகாரோவா. பாலே 'ஜிசெல்', வேடம் ஆல்பிரெக்ட். இளவரசர் பெட்டியில் அவரை வைக்கலாமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

பசி

அதற்கடுத்த நான்கு ஆண்டுகளை விவரிக்க இதைவிட நல்ல சொல் இல்லை. ஜெரோம் ராபின்ஸ், கிளென் டெட்லி, ஆல்வின் எய்லி, ட்வைலா தார்ப் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத நடன அமைப்பாளர்களின் பாணிகளை ஓடி ஓடிக் கற்றார். இரண்டு உதாரணங்கள் போதும்.

1976 ஜனவரியில் தார்ப் அமைத்த 'புஷ் கம்ஸ் டு ஷவ்'. இசை பாதி ஹைடனின் சிம்பொனி, பாதி அமெரிக்க ராக்டைம். உருண்டைத் தொப்பி ஒன்றைத் தலையிலிருந்து கைக்கும் கையிலிருந்து இன்னொருவர் தலைக்கும் மாற்றிக்கொண்டே, தோளைக் குலுக்கி, தடுமாறுவதுபோல் போக்குக் காட்டி, நடுவில் எங்கிருந்தோ ஒரு மாசுமருவற்ற கிரோவ் சுழற்சியைச் சுற்றுவார். செந்நெறி தெரியாதவர் இதை ஆடினால் வெறும் சேட்டையாகிவிடும்.

அதே ஆண்டு எய்லி அமைத்த 'பா த டியூக்', டியூக் எலிங்டனின் ஜாஸ் இசைக்கு. ஜோடி ஜூடித் ஜேமிசன். கறுப்பின நவீன நடனத்தின் மாபெரும் கலைஞர், நெடிய உருவம். லெனின்கிராடில் இந்த ஜோடியை ஒத்திகை அறைக்குள்ளேயே விட்டிருக்கமாட்டார்கள். எய்லி அந்த உயர வித்தியாசத்தை மறைக்கவில்லை, அதையே விளையாட்டாக்கினார். பாதி நையாண்டி, பாதிப் போட்டி. குறை என்று முத்திரை குத்தப்பட்ட ஒன்று சரக்காக மாறியது இங்கேதான்.

இடையில் சினிமா. 1977-இல் வந்த 'த டர்னிங் பாயின்ட்' படத்துக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை.

1978-இன் புதிர்

இந்த உச்சத்தில் இருந்தவர் அமெரிக்கன் பாலே தியேட்டரை விட்டுவிட்டு, பாலன்சீனின் நியூயார்க் சிட்டி பாலேவில் சேர்ந்தார். அங்கே நட்சத்திர முறை கிடையாது. விளம்பரத்தில் பெயர்கள் அகரவரிசையில். சம்பளமும் விருந்துக் கலைஞராக உலகம் சுற்றினால் கிடைப்பதில் ஒரு துளி.

அமெரிக்கன் பாலே தியேட்டர் அன்று பெரிய பெயர்களை வரவழைத்து, கதை பாலேக்களை ஆடவைத்து அரங்கை நிரப்பும் குழு. பாலன்சீனின் குழுவில் கதை குறைவு, காட்சி அலங்காரம் குறைவு. நடன அமைப்புதான் எல்லாம். தாவலுக்கு முன் நிதானமாகத் தயாராகும் வழக்கம் அங்கே செல்லாது. இசை காத்திருக்காது. ரஷ்யப் பயிற்சி பெற்ற உடலுக்கு முப்பது வயதில் இது மறுபடியும் முதல் வகுப்பு.

பதினைந்து மாதத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வேடங்களைக் கற்றார். ராபின்ஸ் அவருக்காக 'ஓபஸ் 19 / த ட்ரீமர்' அமைத்தார். ஆனால் பாலன்சீன் அவருக்கென்று ஒரு புதுப் படைப்பும் செய்யவில்லை. இதய நோய் பாலன்சீனை வாட்டிக்கொண்டிருந்தது. இதில் ஒரு வேடிக்கை: 1979-இல் அதே பாலன்சீன், ராபின்ஸுடன் சேர்ந்து நியூயார்க் சிட்டி ஓபராவுக்காக அமைத்த ஒரு படைப்பில் ஆடியவர் நூரியெவ். எதற்காக ஒருவர் சம்பளத்தையும் விட்டுவந்து நின்றாரோ, அது போகிறபோக்கில் மற்றவருக்குக் கிடைத்தது.

அந்தக் காலத்தைத் தோல்வி என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். புது வேடம் கிடைத்ததா என்று மட்டும் பார்த்தால் தோல்விதான்.

இயக்குநர் நாற்காலி

1980 முதல் 1989 வரை அமெரிக்கன் பாலே தியேட்டரின் கலை இயக்குநர். வெளியிலிருந்து நட்சத்திரங்களை இறக்குமதி செய்யும் பழக்கத்தைக் குறைத்து, குழு வரிசையில் நிற்கும் இளைஞர்களைத் தேற்றி மேலே கொண்டுவரப் பார்த்தார். தானே இறக்குமதியான நட்சத்திரம் என்பதால் இதில் முரண் இருந்தது, முணுமுணுப்பும் இருந்தது. நிர்வாகக் குழுவோடு உரசல் வந்து விலகினார். 1986-இல் அமெரிக்கக் குடிமகன் ஆனதும் இந்தப் பத்தாண்டில்தான்.

இதே காலத்தில் வந்த 'ஒயிட் நைட்ஸ்' (1985) திரைப்படத்தில் ஒரு காட்சி. பதினொரு ரூபிள் பணயம். நின்ற இடத்தில், ஒரே காலில், பதினொரு சுற்று. 'பிரூவெட்' எனப்படும் இந்தச் சுழற்சியில் ஒரு தேர்ந்த கலைஞர் மேடையில் செய்வது ஐந்தாறு சுற்று. சுழலும் உடலுக்குத் தலை சுற்றாமல் இருப்பதற்கு ஓர் உத்தி உண்டு: முகத்தை ஒரு புள்ளியில் நிறுத்தி, உடல் திரும்பத் திரும்பத் தலையைப் பின்தங்க விட்டு, கடைசி நொடியில் வெடுக்கென்று சுற்றி மறுபடி அதே புள்ளிக்கு வருவது. அந்தக் காட்சியில் கால்களை விட்டுவிட்டுத் தலையை மட்டும் கவனியுங்கள். கடிகாரம் மாதிரி எண்ணலாம்.

நாற்பதுக்குப் பிறகு: இரண்டு மாணவர்கள், இரண்டு வழிகள்

மேலே சொன்ன தாவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பயிற்சியில் அப்படிப்பட்ட தரையிறக்கங்கள் பல பத்து. பத்து வயதில் தொடங்கினால் நாற்பதுக்குள் அவை எத்தனை லட்சம் என்று பெருக்கிப் பார்க்கவே தோன்றாது. குருத்தெலும்பு தேய்ந்தால் திரும்ப வளர்வதில்லை. பாரிஷ்னிகோவின் முழங்காலில் பலமுறை அறுவை சிகிச்சை நடந்தது.

புஷ்கினின் மற்றொரு மாணவர் நூரியெவ் தேர்ந்தெடுத்த வழி, நிறுத்தாமல் ஆடுவது. ஐம்பதைத் தாண்டியும், நோயுற்ற உடலோடும் மேடையேறினார். 1991-இல் பிரிட்டனில் அவர் ஆடியபோது ரசிகர்கள் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்ட கதை பாலே உலகம் சங்கடத்தோடு சொல்வது. 1993 ஜனவரி 6 அன்று, 54 வயதில், எய்ட்ஸ் நோயால் இறந்தார். அவரைக் குறைசொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மேடையைத் தவிர வேறு வீடு இல்லாதவருக்கு இறங்கும் படிக்கட்டு தெரியவில்லை.

பாரிஷ்னிகோவ் வேறு கணக்குப் போட்டார். இந்தத் தாவலை இனி இந்த முழங்கால் தாங்காது என்றால், தாவலே தேவைப்படாத நடனம் எது? 1989-இல் பிராட்வேயில் காஃப்காவின் 'உருமாற்றம்' கதையின் நாடக வடிவில் பூச்சியாகிவிட்ட மனிதனாக நடித்து டோனி விருதுப் பரிந்துரை பெற்றார். 1990-இல் நடன அமைப்பாளர் மார்க் மாரிஸுடன் சேர்ந்து 'ஒயிட் ஓக் டான்ஸ் புராஜெக்ட்' என்ற நவீன நடனக் குழுவைத் தொடங்கினார். ஒத்திகை நடந்த ஃபுளோரிடா பண்ணையின் பெயர் அது. தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் முதிர்ந்த கலைஞர்கள். 2002 வரை அது ஓடியது.

அதில் இரண்டு நிகழ்ச்சிகள் அவர் எங்கே வந்து சேர்ந்தார் என்பதைக் காட்டும்.

1. 1998, வயது 50. 'ஹார்ட்பீட்' என்று தொடங்கும் பெயருள்ள ஒரு தனி நடனம். மார்பில் உணர்விகள் ஒட்டியிருக்கும். அவருடைய இதயத்துடிப்பு ஒலிபெருக்கி வழியே அரங்கம் முழுக்கக் கேட்கும். அதுதான் தாளம். வேகமாக அசைந்தால் தாளம் முடுகும், நின்றால் மெல்லத் தணியும். அரை நூற்றாண்டு கண்ட உடலின் உண்மை நிலவரம், மறைக்க வழியில்லாமல், கேட்பவர் காதில் விழும். இளமையில் மூச்சிரைப்பைக்கூடக் காட்டாமல் ஆடியவர் இவர்.

2. 2000, 'பாஸ்ட்ஃபார்வர்ட்'. 1960-களில் நியூயார்க்கின் ஜட்சன் தேவாலயத்தில் பரிசோதனை செய்த நடனக்காரர்களின் படைப்புகளை மீட்டெடுத்த நிகழ்ச்சி. அதில் ஸ்டீவ் பாக்ஸ்டனின் 'சாட்டிஸ்ஃபையின் லவர்' இடம்பெற்றது. அந்தந்த ஊர்க்காரர்கள், நடனப் பயிற்சி இல்லாதவர்கள், மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடப்பார்கள். சிலர் நிற்பார்கள், சிலர் உட்கார்வார்கள். அவ்வளவுதான் நடனம். தாவலுக்காக உலகம் கொண்டாடிய ஒருவர், நடப்பதைக் காட்ட அரங்கை வாடகைக்கு எடுத்தார்.

அப்படியென்றால் எந்த நாட்டுக்காரர்?

தொடக்கக் குழப்பத்துக்கு இப்போது விடை எளிது.

1. ரஷ்யர்: தாய்மொழியாலும் பயிற்சியாலும். 1974-க்குப் பிறகு அவர் ரஷ்யாவுக்குத் திரும்பவேயில்லை. நூரியெவ்கூட 1987-இல் சாகக் கிடந்த தாயைப் பார்க்கவும், 1989-இல் கிரோவில் ஆடவும் போய்வந்தார்.
2. அமெரிக்கர்: 1986 முதல். 2005-இல் நியூயார்க்கின் மேற்கு 37-ஆம் தெருவில் அவர் தொடங்கிய கலை மையம் நடனம், இசை, நாடகம் மூன்றுக்கும் ஒத்திகை இடமும் மேடையும் தருகிறது.
3. லாட்வியர்: பிறப்பால். 2017 ஏப்ரலில் லாட்விய நாடாளுமன்றம் சிறப்புத் தகுதி அடிப்படையில் குடியுரிமை வழங்கியது. அவர் அங்கே பிறந்து வளர்ந்தபோது அந்த நாடு வரைபடத்தில் தனி நாடாக இல்லை.

2022-இல் எழுத்தாளர் போரிஸ் அகூனின், பொருளியலாளர் செர்கேய் குரீயெவ் ஆகியோருடன் சேர்ந்து 'உண்மையான ரஷ்யா' என்ற அமைப்பைத் தொடங்கி, உக்ரைன் அகதிகளுக்கு நிதி திரட்டினார். 1974-இல் 'அரசியல் அல்ல' என்றவர் ஏன் இப்போது பேசுகிறார் என்று கேட்பவர்கள் உண்டு. அன்று அவரிடம் இருந்த அவசரம் உடலின் அவசரம். 74 வயதில் அது இல்லை.

அவருடைய மேடைப் பணியில் அண்மைக்காலத்தின் முக்கியமான ஒன்றை, செய்திகள் அதிகம் பேசாததால், இங்கே சொல்ல வேண்டும். 1972-இல் சோவியத் அரசு வெளியேற்றிய கவிஞர் யோசிஃப் பிராட்ஸ்கி, நோபல் பரிசு பெற்றவர், பாரிஷ்னிகோவுக்கு அமெரிக்காவில் நெருங்கிய நண்பர். 1996-இல் இறந்தார். 2015-இல் லாட்விய இயக்குநர் ஆல்விஸ் ஹெர்மானிஸ் 'பிராட்ஸ்கி / பாரிஷ்னிகோவ்' என்ற நிகழ்ச்சியை ரிகாவில் அமைத்தார். மேடையில் கண்ணாடிச் சுவர்கள் கொண்ட ஒரு பழைய மண்டபம். அதனுள்ளும் வெளியிலுமாக ஒரு 67 வயது மனிதர், நண்பரின் கவிதைகளை ரஷ்ய மொழியில் வாசிக்கிறார். சில வரிகள் பதிவு செய்யப்பட்ட குரலில் ஒலிக்கும்போது மட்டும் உடல் அசைகிறது. தாவல் ஒன்றுகூட இல்லை. முதுகு மெல்ல வளைகிறது, கை எழுந்து பாதியில் நிற்கிறது. டெல் அவிவ், நியூயார்க், லண்டன் எல்லாம் போன அந்த நிகழ்ச்சி ரஷ்யாவுக்கு மட்டும் போகவில்லை. அம்மா கைபிடித்து அரங்குக்கு அழைத்துப்போன ஊரில்தான் அது முதலில் நடந்தது.